பத்தடிச் சுவர்

மாதிரி வீட்டின் படுக்கையறையில், கட்டில்கூட இல்லாத வெறும் தரையில், என் கணவர் கை காலை நீட்டி மல்லாந்து படுத்துவிட்டார். எங்களுக்குச் சுற்றிக்காட்ட வந்த விற்பனைக்காரர் பதறிப்போனார். டை கட்டி, முழுக்கைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்த மனிதர். வருகிறவர்கள் சுவரைத் தடவுவார்கள், ஜன்னலைத் திறந்து மூடுவார்கள், சிலர் குளியலறைக் குழாயைத் திருகிவிட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று குறைப்படுவார்கள். இதுவரை யாரும் படுத்ததில்லை போலிருக்கிறது.

"சார், தலை கிலை சுத்துதா?" என்று குனிந்து கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்," என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே. "மேல கூரை இருக்கு. நாலு பக்கமும் சுவர் இருக்கு. எந்திரிச்சு வந்து கலவை போடுன்னு யாரும் சொல்லல. சுகமா இருக்கு."

இவருடைய அக்கா அந்த நேரம் வாசலில் நின்றுகொண்டு, வீடு பார்க்க வந்த இன்னொரு குடும்பத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கதவு என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது. "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு," என்று அவர் சொல்லச் சொல்ல, அந்தக் குடும்பம் மிரண்டுபோய் வரிசையாக உள்ளே நகர்ந்து, படுத்திருந்த என் கணவரைத் தாண்டிப் போயிற்று.

விற்பனைக்காரர் என்னைத் தேற்றுவதுபோல என் பக்கம் திரும்பினார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காட்டினார். "மேடம், சும்மா எடுத்துட்டு வந்து நிறுத்தறதில்ல. எங்க ஃபேக்டரியில ஒவ்வொரு பேனலையும் ஒருத்தங்க அளந்து, தட்டிப் பார்த்து, திருப்தியானாத்தான் வெளிய விடுவாங்க. அவங்க கண்ணுல இருந்து எதுவும் தப்பாது."

தரையிலிருந்து குரல் வந்தது. "அவங்க ரொம்பக் கெடுபிடியோ?"

"ராட்சசின்னே சொல்லுவாங்க சார்," என்றார் அவர் பெருமையாக.

இவருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது. அந்த ராட்சசி நான்தான். ஒன்பது வருடமாக அந்தத் தொழிற்சாலையின் பின்பக்கக் கொட்டகையில் வேலை செய்கிறேன். நாங்கள் பின்வாசல் வழியாகப் போகிறவர்கள், டை கட்டியவர்கள் முன்வாசல் வழியாக வருகிறவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இரண்டு பலகைகளுக்கு நடுவில் நுரையை அடைத்து, ஓரத்துக்குத் தகரம் கட்டி, அழுத்தி எடுத்தால் அது ஒரு சுவர். மேசைமேல் அதைக் கிடத்துவார்கள். நாலு பக்கம், இரண்டு மூலைவிட்டம் அளப்பேன். மரச் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவேன். நுரை நிரம்பாத இடம் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு சரி, என் கையெழுத்து. இல்லாவிட்டால் 'திருப்பு' என்று எழுதிவிடுவேன். அதனால் கொட்டகையில் எனக்குப் பேரே திருப்பு அக்கா. ராட்சசி என்பது முன்வாசல்காரர்கள் வைத்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என் கணவர் கொத்தனார். இருபத்திரண்டு வருடமாகச் செங்கல் வைக்கிறார். இப்படி ஒரு வீட்டில் புருஷன் செங்கல் வீடு கேட்பான், பெண்டாட்டி ரெடிமேட் வீடு கேட்பாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ். பேனல் வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். நான் செங்கல் கட்சி.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஊர் எல்லையில் ஒரு மனை வாங்கினோம். நானும் இவரும் அண்ணியுமாக மூன்று பேர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது வேறு கதை, அதில் இவ்வளவு சிரிப்பு கிடையாது. மனையில் நான்கு வருடமாகப் புல் மட்டும் நன்றாக வளர்ந்தது. இவருக்கு மற்றவர்கள் வீட்டைக் கட்டவே நேரம் சரியாக இருந்தது. கடைசியில், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒருநாள் வந்து, மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், மூன்று மாதத்தில் காலி செய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மரியாதைதான் எங்களைக் கிளப்பிவிட்டது.

பேனல் வீட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அதன் பலம் என்னைவிட யாருக்குத் தெரியும்? என் ஆசை வேறு. இவர் இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ வீடு கட்டியிருக்கிறார். பள்ளிக்கூடம், வங்கி, ஒரு முழு ஆஸ்பத்திரியின் இடது பாதி. பஸ்ஸில் போகும்போது, "அது நான் வச்ச கல்லு," என்று கையைக் காட்டுவார். நான் தலையைத் திருப்புவதற்குள் பஸ் தாண்டிவிடும். அந்தச் சுவர்களுக்குள் யார் யாரோ தூங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமைக்கிறார்கள். அவரைக் கட்டிக்கொண்ட நான் மட்டும் அவர் கட்டிய ஒரு சுவருக்குள்ளும் ஒருநாள்கூட இருந்ததில்லை. எனக்கு அது வேண்டும். ஆசை என்று சொன்னால் சின்னதாகத் தெரிகிறது. எனக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது.

இவரிடம் இதை நேராகச் சொல்லவில்லை. செங்கல் வீடுதான் குளிர்ச்சி, செங்கல் வீடுதான் ஆணி தாங்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஸ்பீக்கர் அண்ணன் வீட்டுக்குப் போனார்.

ஸ்பீக்கர் அண்ணனும் கொத்தனார்தான். மூன்றாவது மாடியிலிருந்து அவர் தண்ணீர் கேட்டால் அடுத்த தெருவில் யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், அப்படி ஒரு குரல். கொத்தனார்கள் வட்டாரத்தில் 'ஞாயிற்றுக்கிழமை வீடு' என்று ஒரு பேச்சு உண்டு. வாரம் ஆறு நாள் அடுத்தவன் வீட்டில் வேலை. ஏழாம் நாள் தன் வீட்டுக்கு நாலு வரிசை கல் வைப்பார்கள். அந்த ஏழாம் நாளிலும் பாதி நாள் கல்யாணம், காய்ச்சல், மழை, அசதி. ஸ்பீக்கர் அண்ணன் வீட்டுக்கு அப்போது ஏழு வயது. கூடத்துக்குக் கூரை இருந்தது. சமையலறைக்குத் தார்ப்பாய். மாடிக்குப் போகும் படி பதினோரு படி ஏறி ஆகாயத்தைப் பார்த்து நின்றது. மாடி அறைக்கென்று வாங்கிப்போட்ட செங்கல் வாசலோரம் பாசி பிடித்துக் கிடந்தது.

"இந்த வருஷம் முடிச்சுருவேன்," என்றார் ஸ்பீக்கர் அண்ணன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

"இதைப் போன வருஷமும் ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னீங்க," என்றார் அவர் மனைவி. டீ கொடுக்கிற சாக்கில் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். "இங்க பாரும்மா. குளியலறைக்கு ஏழு வருஷமாக் கதவு கிடையாது. உள்ள போனா பாடிக்கிட்டே குளிக்கணும். நான் பாடறதை நிறுத்தினாத்தான் அடுத்த ஆள் உள்ள வரலாம். எம் பொண்ணு பாட்டுப் போட்டியில பரிசு வாங்கினதே இதாலதான். பேசாம பேனலை வாங்கிடு." சொல்லிவிட்டு, தார்ப்பாயை ஒரு குச்சியால் தூக்கித் தேங்கியிருந்த தண்ணீரைச் சாய்த்துவிட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி வழக்கம்போல நடுவில் நின்றுகொண்டு மற்றவர்களைப் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். நானும் இவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். "பாத்தியா?" என்றார் இவர்.

"பாத்தேன்."

"இன்னமும் செங்கல்தானா?"

அப்போது சொல்லிவிட்டேன். இருபது பேர் இருக்கிற பஸ்ஸில், வாய்க்கு வந்தபடி. "எனக்குக் குளிர்ச்சியும் வேணாம், ஆணியும் வேணாம். நீங்க கட்டின வீட்டுல இருக்கணும். ஊர்ல எவளெவளோ இருக்கா. நான் இருக்கக்கூடாதா?"

முன் இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். இவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிமெண்ட் அரித்து ரேகையெல்லாம் வெளுத்துப்போன கை.

"நான் கட்டறேன்னு வச்சுக்க," என்றார். "ஆறு நாள் அங்க, ஏழாம் நாள் இங்க. உனக்கு வீடு இருக்கும். நான் இருக்கமாட்டேன், வெளிய சாரத்து மேல நிப்பேன். கல்யாணமாகி எத்தனை ஞாயித்துக்கிழமை நாம சும்மா உக்காந்திருக்கோம், சொல்லு? எனக்குச் சுவர் வேணாம். உன்கூடச் சும்மா உக்காந்திருக்கிற ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்."

இதற்கு எந்தப் பெண்ணால் மறுத்துப் பேச முடியும்? எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, என் சுவர் கைவிட்டுப் போனதும் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். "சரி, பேனலே வாங்கிடலாம்," என்றேன். அண்ணி பஸ்ஸின் நடுவிலிருந்து, "முடிஞ்சுதா? இறங்கற இடம் வந்தாச்சு, முன்னாடி வாங்க," என்றார்.

மறுநாளே பதிவு செய்தோம். வந்த சந்தோஷம் உண்மையான சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. மூன்று பேரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கட்டில் எங்கே, பாத்திர அலமாரி எங்கே என்று அடித்துக்கொண்டோம். அண்ணி தன் அறை வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கிக்கொண்டார். ஆனாலும் பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, அந்தப் பழைய ஆசை எட்டிப் பார்க்கும். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான் என்று அதை உள்ளே தள்ளுவேன்.

அடித்தளமாவது இவர் போடுவார் என்று நினைத்தேன். அதற்கும் வழியில்லை. கம்பெனி ஆட்கள் போட்ட தளத்தின்மேல் நின்றால்தான் வீட்டுக்கு உத்தரவாதமாம், வெளியாள் கை பட்டால் செல்லாதாம். தளம் போட்ட இரண்டு நாளும் இவர் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு மனை ஓரத்தில் கைகளைப் பையில் திணித்துக்கொண்டு நின்றார். கை பரபரப்பது வெளியே தெரிந்தது. அவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மறைத்து வைத்திருந்த ரசமட்டத்தை எடுத்து மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நின்றது. "பரவாயில்லை," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பிறகு எங்கள் வீடு என் மேசைக்கு வந்தது.

ஒன்பது வருடத்தில் யார் யார் வீடோ என் மேசைமேல் கிடந்திருக்கிறது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் ஆர்டர் எண் இருக்கும், அதன் கீழே பெயர். பெயரை நான் படிப்பதே இல்லை. அன்றைக்குக் காலையில் முதல் பேனலைக் கிடத்தியதும் இவர் பெயர் கண்ணில் பட்டது. கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கை தட்டினார்கள். ஒருவர் சாக்லேட் டப்பாவை நீட்டினார். வெட்டுகிற பகுதியில் இருக்கும் அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுப் பேனலைத் திருப்பிறாத தாயே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தட்டினேன். இது படுக்கையறை, இது அண்ணி அறை, இது கூடம். ஒவ்வொன்றிலும் சுத்தியல் பட்ட சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. பதினான்கு பேனல். பதினான்கு சரி. ஒரு வீடு இவ்வளவு சீக்கிரம் என் கையைத் தாண்டிப் போனதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கிரேனும் இரண்டு லாரியும் வந்தன. இரும்புத் தூண்களை முந்தின நாளே நிறுத்தி, மேலே கூரையையும் ஏற்றிவிட்டார்கள். இந்த மாதிரி வீட்டில் பாரத்தைத் தாங்குவது தூண்கள்தான். பேனல் நடுவில் வந்து நிற்பதோடு சரி. பேனல்கள் ஒவ்வொன்றாகக் கிரேனில் ஆடிக்கொண்டே வந்து வெளிப்பக்கமாக இறங்கி, தூண்களுக்கு நடுவில் நகர்ந்து, சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தன. அண்ணி கிரேன் ஓட்டுகிறவருக்கு, "வரட்டும், வரட்டும், ரைட்டு!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் இரண்டு முறை மறுத்துப் பார்த்துவிட்டு, பிறகு அதன்படியே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். மதியத்துக்குள் பதிமூன்று பேனல் நின்றுவிட்டது.

பதினான்காவது, சமையலறையின் பின்சுவர். கதவும் ஜன்னலும் இல்லாத முழுச் சுவர், பத்தடி. இறக்கினார்கள். இடது பக்கம் தூணோடு ஒட்டிக்கொண்டது. வலது பக்கம் ஒட்டவில்லை. பேனலுக்கும் தூணுக்கும் நடுவில், ஒருவர் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதன் வழியாகப் பின்னாலிருந்த புல்வெளி நன்றாகத் தெரிந்தது.

எங்கள் கொட்டகையிலிருந்தே பேனல் நிறுத்த வந்திருந்த சூப்பர்வைசர் டேப்பை இழுத்தார். ஒன்பதடி. மறுபடியும் இழுத்தார். ஒன்பதடிதான். முந்தின ஆர்டரின் அளவை மாற்றாமல் வெட்டியிருக்கிறார்கள். அவர் பேனலின் ஓரத்தைப் பார்த்தார். கூட இருந்த நாலு பேரும் பார்த்தார்கள். பளிச்சென்று ஒரு சரி, அதன் கீழே என் கையெழுத்து.

என் முகத்தில் ஈயாடவில்லை. பதினான்கு பேனலையும் தட்டினேன். ஒன்றைக்கூட அளக்கவில்லை. டேப் என் இடுப்பிலேயே தொங்கியிருக்கிறது. கண் மண் தெரியாத சந்தோஷம் என்பார்களே, எனக்கு டேப் தெரியாமல் போயிருந்தது.

"அக்கா," என்றார் சூப்பர்வைசர் மிகவும் மெதுவாக, "ஒம்போது வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தோம்." அவ்வளவுதான். ஐந்து பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அரை நூல் கூடியது, கால் நூல் குறைந்தது என்று எத்தனை பேனலை இவர்கள் தலையில் திருப்பிக் கட்டியிருக்கிறேன்! கிரேன்காரர் கீழே இறங்கி வந்து சிரித்தார். அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது, வாயைத் திறந்ததும் அது சிரிப்பாக மாறிவிட்டது.

சிரித்து ஓய்ந்ததும் சூப்பர்வைசர் விஷயத்துக்கு வந்தார். புதுப் பேனல் வர நாற்பது நாள் ஆகும். நாங்கள் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியது வரும் புதன்கிழமை. இவர் சந்துக்குள் கையை விட்டு அகலம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு எதுக்கு நாப்பது நாளு? ஒரு அடிதானே. நாலு செங்கல் கொண்டாந்து அடைச்சா முடிஞ்சுது. அரை நாள் வேலை," என்றார்.

ஒரு அடி. அந்த ஒரு அடி என்ற சொல்லைக் கேட்டதும், உள்ளே தள்ளித் தள்ளி வைத்திருந்தது எழுந்து நின்றுகொண்டது. என் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். நான் நடந்து போய் என் கையெழுத்தை அடித்துவிட்டு, அந்தச் சரிக்கு மேலே பெரிதாக எழுதினேன்: திருப்பு.

"முழுசையும் எடுத்துட்டுப் போங்க," என்றேன்.

"முழுசையுமா?" என்றார் சூப்பர்வைசர். "ஒரு அடிக்காகவா?"

"அளவு தப்பின பேனலை நான் விடறதில்ல. உங்களுக்குத் தெரியாதா? பத்தடியும் செங்கல்லயே வந்துரட்டும்."

இவர் சந்திலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். பஸ்ஸில் நான் கத்தியது அவருக்கு நினைவிருந்தது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. "ஒரு நாள்ல ஆகாது," என்றார். "ஒரே மூச்சா ஏத்தினா கலவை பிதுங்கிரும். நாளைக்குப் பாதி, நாளான்னைக்கு மீதி."

"நாளான்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும்," என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயை இறுக்கி அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

சூப்பர்வைசர் தாளைப் புரட்டினார். "அப்புறம் அந்த ஒரு சுவருக்கு மட்டும் கம்பெனி உத்தரவாதம் கிடையாது, சொல்லிட்டேன்."

"அவன் என் தம்பி," என்றார் அண்ணி. "நான் தர்றேன் உத்தரவாதம். எங்க கையெழுத்துப் போடணும்?" நிஜமாகவே பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் போட்டும் கொடுத்தார். சூப்பர்வைசருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் அண்ணி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நிஜத்தைச் சொல்லு, வேணும்னேதானே அளக்காம விட்ட?" என்று கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்தேன். இன்றுவரை நம்பவில்லை.

செங்கல் ஸ்பீக்கர் அண்ணன் வீட்டிலிருந்து வந்தது. அந்தப் பாசி பிடித்த மாடி அறைச் செங்கல்தான். சனிக்கிழமை விடிந்ததும் வேன் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். வாசல் சுத்தமானதில் அவர் மனைவிக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம், வேனுக்குப் பின்னாலேயே வந்து கையை ஆட்டினாராம். "நானும் ஒரு பக்கம் புடிக்கறேன், மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்!" என்று ஸ்பீக்கர் அண்ணன் கரண்டியை எடுத்தார். இவர் அந்தக் கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். "நீ கலவை மட்டும் போடு. கல்லு நான்தான் வைப்பேன்." ஸ்பீக்கர் அண்ணன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தணித்துக்கொண்டு, "ஓ, அப்படியா சேதி," என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. காலையில் போவார், மாலையில் சிமெண்ட் வாசனையோடு வருவார். நடுவில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியாத ஒரு மனிதருடையது. அந்த மனிதரை அன்றைக்குப் பார்த்தேன். வீட்டில் ஒரு டம்ளரை இருந்த இடத்தில் வைக்கத் தெரியாதவர், தூணுக்குத் தூண் நூலைக் கட்டிவிட்டு அதற்கு ஒரு மயிரிழை தள்ளிக் கல்லை வைத்தார். கரண்டியில் கலவையை அள்ளி வீசினால் அது போய் விழுந்த இடத்தில் அப்படியே பரவிக்கொண்டது. கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு, பிதுங்கியதை ஒரே வழிப்பில் வழித்து அடுத்த கல்லுக்கு. பேச்சே கிடையாது. நாக்கு நுனி மட்டும் உதட்டோரத்தில் எட்டிப் பார்த்தது.

நான் புல் பக்கம், வெளியே நின்றேன். தொட்டியில் செங்கலை ஊறப்போட்டு, குமிழி விட்டு அடங்கியதும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவர் உள்ளே, சமையலறைப் பக்கம்.

"இப்படியே பாத்துட்டு நின்னீன்னா எனக்குக் கை ஓடாது," என்றார் மூன்றாவது வரிசையில்.

"ஓடினவரைக்கும் போதும்," என்றேன்.

சனிக்கிழமை பொழுது சாய்கிறபோது சுவர் என் நெஞ்சு உயரம் வந்து நின்றது. இரண்டு பேரும் அதன்மேல் முழங்கையை ஊன்றி, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக டீ குடித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவர் டிரம்மைக் கவிழ்த்துப் பலகை போட்டு ஏறிக்கொண்டார். எனக்கு ஏற ஒன்றுமில்லை. சுவர் என் கழுத்தைத் தாண்டியது, கண்ணைத் தாண்டியது. அவர் நெற்றி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. மேலேயிருந்து ஒரு கை வரும், நான் எக்கி ஈரச் செங்கலை வைப்பேன், கை போய்விடும். அண்ணி வீட்டுக்குள் எங்கோ யாரையோ வழிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார், ஸ்பீக்கர் அண்ணன்தான் இருக்க வேண்டும். கடைசி வரிசையில் கல் முழுதாக நுழையவில்லை. பாதியாக உடைத்து உடைத்துச் செருகினார். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு வெளிச்சம் மிஞ்சியது. அதில் அவருடைய இரண்டு விரல் தெரிந்தது. பிறகு அந்த இடத்திலும் ஒரு கல் வந்து உட்கார்ந்தது.

ஈரம் காயாத சுவரின் முன்னால் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். கையெல்லாம் செம்மண் நிறம். அந்தப் பக்கம் கரண்டி வழிக்கிற சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அது நின்றது.

"இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்."

அவருக்குக் கேட்கவில்லை. "என்ன, இருக்கியா?" என்றார் மறுபடியும், இன்னும் பலமாக.

கத்திப் பதில் சொல்லலாம். நான் தொட்டித் தண்ணீரில் கையை அலம்பி, புடவையில் துடைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்வாசல் பக்கம் நடந்தேன். பாதித் தூரத்தில் நடை ஓட்டமாகிவிட்டது.